உஷார்! வண்டியைத் தூக்கிப் பெரிய டயர் மாட்டியவர்களே, ஸ்டியரிங் மூட்டுகளைப் பாருங்கள்!

லிஃப்ட் கிட் போட்ட தார், ஜிம்னி, கூர்க்கா அல்லது பழைய ஜிப்ஸி வைத்திருக்கிறீர்களா? கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டியிருக்கிறீர்களா? இந்த வாரக் கடைசியில் வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பும் எண்ணம் இருக்கிறதா? அப்படியானால் கிளம்புவதற்கு முன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாக இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று ஓர் ஆட்டம் கையில் பட்டால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். அன்றே பட்டறைக்குப் போங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தூக்கிய வண்டியில் சீக்கிரம் தேய்வது எஞ்சினோ கியர்பாக்ஸோ அல்ல. பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், ஆர்ம் புஷ் போன்ற சின்னச் சின்ன மூட்டுகள்தான். எஞ்சின் பழுதானால் வண்டி ஓரமாக நிற்கும். டை ராட் எண்ட் கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் உங்கள் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. பால் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டால் சக்கரமே மடிந்து விழும். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. எந்த வளைவில் அது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாறையில் ஏறும்போது உடைந்தால் பாதகமில்லை, வேகம் குறைவு, கூட நாலு பேர் இருப்பார்கள். ஆனால் மூட்டு தேய்வது பாறையில், கைவிடுவது பெரும்பாலும் தார்ச்சாலையில். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாதையில் அடிவாங்கிய மூட்டு, புதன்கிழமை பைபாஸில் 90 கிலோமீட்டர் வேகத்தில், குடும்பம் வண்டிக்குள் இருக்கும்போது விட்டுப்போகலாம். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

கிடைக்கும் உயரம் எவ்வளவு?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஐந்து கதவு ஜிம்னிக்குக் கம்பெனி கொடுக்கும் டயர் 195/80 ஆர்15. அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 693 மில்லிமீட்டர். பலரும் மாற்றும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் 40 மில்லிமீட்டர். ஆனால் ஆக்சில் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, அதாவது 20 மில்லிமீட்டர்தான்.

2020-ல் வந்த தாரில், 18 அங்குல ரிம் உள்ள வண்டிக்கு 255/65 ஆர்18 டயர். விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர், 31 அங்குலம். அதற்கு 33 அங்குல டயர் மாட்டினால் வண்டியின் அடிவயிற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் இடைவெளி 25 மில்லிமீட்டர். இந்த ஓர் அங்குலத்துக்காக முன்சக்கரத்தின் ஒவ்வொரு மூட்டும் தனக்குச் சொல்லப்படாத சுமையைத் தாங்க ஆரம்பிக்கிறது.

வேகமும் மாறுகிறது. மேலே சொன்ன இரண்டு வண்டியிலும் சுற்றளவு சுமார் 6 சதவீதம் கூடுகிறது. மீட்டரில் 80 என்று காட்டும்போது, பழைய டயரில் போயிருக்கக்கூடிய வேகத்தைவிட 5 கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக்கோ அதே பழைய பிரேக்தான்.

பெரிய டயர் மூட்டுகளை என்ன செய்கிறது?

முதல் அடி, எடை. 33 அங்குல மட் டெரெய்ன் டயர் ரிம் இல்லாமலே ஏறத்தாழ 25 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் இந்தக் கூடுதல் எடை மேலெழும்பிக் கீழே விழுவதை ஷாக் அப்சார்பர்தான் அடக்க வேண்டும். கம்பெனி ஷாக் அந்த எடைக்கு வடிவமைக்கப்பட்டதல்ல. அது சூடாகி, ஆயில் கசிந்து, அடக்கும் வலுவை இழக்கும். ஷாக் அடக்காத அதிர்ச்சி முழுவதும் பால் ஜாயிண்டுக்கும் புஷ்ஷுக்கும் போகும்.

இரண்டாவது அடி, அகலம். பெரிய டயர் உள்பக்கம் உரசாமலிருக்க, வெளியே தள்ளி நிற்கும் ரிம்மையோ வீல் ஸ்பேசரையோ போடுகிறார்கள். இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பானரின் பிடியில் நீளமான பைப்பைச் சொருகுவோமே, அதே வேலையைத்தான் இது வீல் பேரிங்கின் மீது செய்கிறது. டயர் தரையைத் தொடும் இடம் வெளியே போகப் போக, ஒரு கல்லில் மோதும் சின்ன அடிகூட பேரிங்கையும் டை ராடையும் கூடுதல் பலத்தோடு திருகும். கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை உதறுகிறதே, அந்த உதறல் உங்கள் கைக்கு வருவதற்கு முன் டை ராட் எண்டையும் ஸ்டியரிங் பாக்ஸையும் அடித்துவிட்டுத்தான் வருகிறது.

மூன்றாவது அடி, நின்ற இடத்தில் திருப்புவது. அகலமான டயரை வண்டி நகராமல் முழுக்கத் திருப்பும்போது ஸ்டியரிங் அமைப்பின் மேல் விழும் சுமைதான் மிகக் கடுமையானது. பார்க்கிங்கில் தினமும் இதைச் செய்தால் பவர் ஸ்டியரிங் பம்ப் சூடாகும், சீல் கசியும். மின்மோட்டார் ஸ்டியரிங் என்றால் மோட்டார் திணறும். காற்றைக் குறைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் ஓட்டிவிட்டு, திரும்பக் காற்றடிக்காமல் தார்ச்சாலையில் ஊர் வந்து சேர்பவர்கள் இந்தச் சுமையை இரட்டிப்பாக்குகிறார்கள்.

லிஃப்ட் கிட்: தாருக்கு ஒரு ஆபத்து, ஜிம்னிக்கு வேறொன்று

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி லிஃப்ட் சரிப்படாது. முன்பக்க அமைப்பு வேறு வேறு.

2020 தார், தார் ராக்ஸ், 2021-க்குப் பிந்தைய கூர்க்கா ஆகியவற்றில் முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன். மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். இதில் ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைத்துத் தூக்குவது மலிவான வழி. ஷாக் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருவதால், வைக்கிற ஸ்பேசரின் தடிமனைவிடச் சக்கரத்தில் உயரம் கூடுதலாக மாறும். ஓர் அங்குலம் என்று நினைத்துப் போட்டது அதற்கு மேல் தூக்கிவிடும். ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரியும். மேல் பால் ஜாயிண்ட் தன் சாய்வின் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஜாயிண்டின் தண்டு அதன் கூட்டின் விளிம்பில் இடிக்கும். அந்த இடி தொடர்ந்தால் தண்டு வெட்டுப்படும்.

டை ராடும் சரிவாகிவிடும். ஆர்மும் டை ராடும் ஒரே கோணத்தில் அசையாதபோது, மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயிண்ட் கூடுதல் கோணத்தில் சுழலும். அதன் ரப்பர் பூட் மடிந்து கிழியும். கிரீஸ் வெளியே தெறித்து மணல் உள்ளே போகும். அதற்கப்புறம் அந்த ஜாயிண்ட் சீக்கிரமே போய்விடும்.

ஜிம்னியிலும் ஜிப்ஸியிலும் முன்பக்கம் முழு ஆக்சில். பலமானது என்பது உண்மை. ஆனால் தூக்கினால் வேறு கோளாறு. 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியில் காயில் ஸ்பிரிங்கும், ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் ஆர்ம்களும் உண்டு. உயரத்தை ஏற்றினால் அந்த ஆர்ம்கள் ஆக்சிலை முன்னோக்கிச் சுழற்றும். காஸ்டர் கோணம் குறையும். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்கு வரவைப்பது இந்தக் கோணம்தான். அது குறைந்தால் வண்டி நேர்ச்சாலையில் அலையும். டிரைவர் விடாமல் திருத்திக்கொண்டே ஓட்டுவார்.

ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடும் சரிவாகி, ஆக்சிலைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் இழுத்துவிடும். அதன் புஷ்ஷில் ஆட்டம் வந்துவிட்டால், சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கும் தளர்ந்துவிட்டால், ஒரு பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று இடமும் வலமும் உதற ஆரம்பிக்கும். உலகம் முழுக்க ஜீப் ஓட்டுபவர்களிடையே இதற்கு ‘டெத் வாபிள்’ என்று பெயர். வேகத்தைப் பெருமளவு குறைக்கும்வரை நிற்காது. ஸ்டியரிங் டாம்பரை மாற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புது டாம்பர் உதறலைக் கொஞ்ச நாள் மூடி மறைக்கும். தேய்ந்த மூட்டு உள்ளே அப்படியேதான் இருக்கும்.

தண்ணீரும் சேறும்

தாரின் தண்ணீர் கடக்கும் ஆழம் 650 மில்லிமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. சக்கரத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 400 மில்லிமீட்டருக்கும் கீழேதான். ஆக அந்த ஆழத்தில் வீல் பேரிங்கும் பால் ஜாயிண்டும் முழுக்க மூழ்கும். மலையிறங்கிப் பிரேக் பிடித்துச் சூடான ஹப், ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஏற்கெனவே பெரிய டயரால் சீலின் வாய் தேய்ந்திருந்தால் சேறும் கூடவே போகும். வெளியே பிரஷர் வாட்டர் அடித்துப் பளபளப்பாக்கினாலும் உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிடும். ரப்பர் பூட்டின் மேல் பிரஷர் வாட்டரை நேராக அடிப்பதும் ஆபத்துதான்.

இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உஷார்!

* ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. நடுவில் ‘வெற்று’ இடம் இருக்கிறது.
* வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் நேருக்கு வரச் சோம்புகிறது.
* வேகத்தடையில் முன்பக்கம் ‘டொக்’ என்ற சத்தம்.
* முழுக்கத் திருப்பி ஓட்டும்போது ‘கட கட’வென்ற சத்தம், சி.வி. ஜாயிண்ட் போகிறது.
* வேகத்தோடு சேர்ந்து கூடும் ‘ஊஊ’ என்ற முனகல், வளைவில் ஏறி இறங்குகிறது, வீல் பேரிங். மட் டெரெய்ன் டயரின் இரைச்சல் இதை மூடிவிடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.
* டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது, அல்லது கட்டைகளின் ஓரம் ரம்பம் போலக் கையில் கிழிக்கிறது.
* பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.
* ரிம்மின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்த கறை.

பத்து நிமிடச் சோதனை

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தாரில் ஸ்பிரிங்கின் சுமை கீழ் ஆர்மின் மேல் இருப்பதால், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாகக் கொடுத்துத் தூக்க வேண்டும். சேசிஸில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் மூட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் இருந்தும் தெரியாது. ஜிம்னிக்கு ஆக்சிலுக்கு அடியில் கொடுக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள்.

கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின். பிறகு 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் என்றால் டை ராட் எண்டைச் சந்தேகியுங்கள்.

அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓட விடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் சக்கர வளைவின் வழியே டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். ஒரு ராட் அசைந்து, அதோடு இணைந்த பாகம் சற்றுத் தாமதித்து அசைந்தால், தேய்ந்தது அந்த மூட்டுதான். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் பொருந்தும் இடத்தையும் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பட்டறையில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்

ஒன்று, அலைன்மென்ட். லிஃப்ட் போட்டவுடன் கட்டாயம். பல இடங்களில் டோ மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர், காம்பர், டோ மூன்றும் அச்சிட்ட அறிக்கையைக் கேளுங்கள். ஜிம்னியில் காஸ்டரைச் சரிசெய்யக் கம்பெனி வசதி கிடையாது. காஸ்டர் புஷ்ஷோ அதற்கான ஆர்மோ, நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடோ இல்லாத கிட் அரைகுறைக் கிட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தாருக்கு, மாற்றிய கோணத்துக்கேற்ற மேல் ஆர்மும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு, புஷ் போல்ட்டுகளை எப்போது இறுக்குகிறார்கள் என்று நின்று கவனியுங்கள். வண்டி பட்டறையின் லிஃப்டில் தொங்கும்போதே முழுக்க இறுக்கினால், தரையில் இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட புஷ் சீக்கிரமே கிழியும். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம், அதுவும் டார்க் ரெஞ்சால்.

மூன்று, டை ராடையோ வேறெந்த ஸ்டியரிங் பாகத்தையோ வெட்டி, வெல்டிங் வைத்து நீளமாக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கும் பாடி லிஃப்டில் ஸ்டியரிங் ஷாஃப்டின் இணைப்பு இழுபடும். அந்த இணைப்பு முழுக்கப் பொருந்தியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நான்கு, ஸ்டெப்னி. ஐந்தாவது டயரும் அதே அளவில் இருக்க வேண்டும். தாரும் ஜிம்னியும் பார்ட் டைம் 4x4. அளவு மாறிய ஒரு டயரோடு 4எச்-ல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சில் வரை எல்லாம் முறுக்கிக்கொள்ளும். பெரிய ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும்போது கீல்களும் தளரும்; அதையும் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

லிஃப்ட் போட்டு ஓட்டிவிட்டு, விற்பதற்கு முன் பழைய ஸ்பிரிங்கையும் பழைய டயரையும் திரும்ப மாட்டிவிடுவது நடக்கிறது. வெளியே பார்க்கக் கம்பெனி வண்டி. உள்ளே பால் ஜாயிண்டும் பேரிங்கும் அரைவாசி தேய்ந்தவை. சக்கர வளைவின் உள்பக்கத்திலும் சேசிஸிலும் டயர் உரசிய பளபளப்பு இருக்கிறதா, ஷாக் போல்ட்டுகளில் புதிதாக ஸ்பானர் விழுந்த தடம் இருக்கிறதா, ஓடிய கிலோமீட்டருக்குப் பொருந்தாமல் டயர் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையைச் செய்ய விடாத விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் மறக்காதீர்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஸ்பேசரையும் டயர் அளவையும் பார்க்கக்கூடும். மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் சர்வீஸ் கணக்கு வேறு

முக்கியமான விஷயம் இதுதான். வண்டியோடு வந்த சர்வீஸ் புத்தகம், கம்பெனி உயரத்துக்கும் கம்பெனி டயருக்கும் எழுதப்பட்டது. நீங்கள் இரண்டையும் மாற்றிய நாளில் அந்தக் கெடு உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போய்விட்டது. ‘அடுத்த சர்வீஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது’ என்ற நிம்மதி, இங்கே உயிருக்கு உலை.

லிஃப்டும் டயரும் மாற்றிய முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் பாருங்கள். காட்டுப்பாதைக்கோ ஓடைக்கோ போய்வந்த ஒவ்வொரு முறையும், அடுத்த நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மாதம் ஒருமுறை ரப்பர் பூட்டுகளையும் டயரின் தேய்மானத்தையும் கையால் தடவிப் பாருங்கள். பால் ஜாயிண்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் தெரிந்தால் ‘இன்னும் கொஞ்சம் ஓடும்’ என்று விடாதீர்கள். அசல் பாகத்தையே வாங்கி, அன்றே மாற்றுங்கள். பெரிய டயருக்குச் செலவழித்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் அது.

உயரமான வண்டி வேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை. அந்த உயரத்தைத் தாங்கும் மூட்டுகளைப் பார்க்காமல் மலையேறுவதுதான் குற்றம்; உங்களோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், எதிரே பைக்கில் வருகிறவருக்கும் செய்யும் குற்றம். உங்கள் நண்பர்கள் குழுவில் தூக்கிய வண்டி வைத்திருப்பவர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்றே அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்குக் கூடும் இடத்தில், கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரத்தையும் தூக்கி ஆட்டிப் பார்ப்பதைக் குழுவின் கட்டாய விதியாக்குங்கள். ஆட்டம் இருக்கும் வண்டி அன்றைக்கு மலையேற வேண்டாம்.